பழப்பூரண டோர்ட்டியா: செய்முறையும் காரணமும்

விளைந்ததை நல்ல விலைக்கு விற்பது ஒரு திறமை. விலை போகாததை வீணாக்காமல் உணவாக்குவது மற்றொரு திறமை. முதலாவதைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவது குறைவு. கொய்யாவும் அன்னாசியும் மாம்பழமும் ஒரே காலத்தில் பழுத்துச் சந்தையில் குவியும்போது, அளவிற் சிறியவை, மிகப் பழுத்தவை, கூடையின் அடியில் நசுங்கியவை ஆகியன விலை பெறாமலே திரும்புகின்றன. அவற்றின் சுவைக்கோ சத்துக்கோ குறைவில்லை. அவற்றுக்குக் குறைவது நாள் மட்டுமே.

அத்தகைய பழத்துக்கு ஏற்ற ஒரு பண்டத்தை இப்பாடம் எடுத்துக்கொள்கிறது. மெக்ஸிகோ நாட்டின் மெல்லிய அடையாகிய டோர்ட்டியாவில் பழப்பூரணம் வைத்து மடித்துப் பொரிப்பதே அது. போளியும் சோமாசியும் செய்து பழகிய கைகளுக்கு இது கடினமன்று. ஆயினும் செய்முறையை மட்டும் சொல்லி முடிப்பது நம் நோக்கமன்று. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் அறிந்தவர் பழம் மாறினாலும் மாவு மாறினாலும் தடுமாறமாட்டார். முறையையும் காரணத்தையும் விட்டுப் பண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு, டோர்ட்டியாவின் வரலாறே சான்றாக நிற்கிறது. ஆதலின் அதை முதலில் காண்போம்.

மக்காச்சோளமும் சுண்ணாம்பும்

டோர்ட்டியா என்பது ஸ்பானிய மொழிச் சொல். சிறிய அடை என்று பொருள்படும். ஸ்பெயின் நாட்டில் இதே சொல் முட்டை அடையைக் குறிக்கும். ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே மெக்ஸிகோ மக்கள் மக்காச்சோள அடையை அன்றாட உணவாகக் கொண்டிருந்தனர். மக்காச்சோள மணிகளை நீற்றிய சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் கழுவித் தோல் நீக்கி, நம் அம்மியைப் போன்ற சரிந்த கல்லில் அரைப்பர். அரைத்த மாவைக் கையால் தட்டி, கோமால் எனப்படும் தட்டையான கல்லில் சுடுவர். நம் தோசைக்கல்லுக்கும் கோமாலுக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

இங்கே சுண்ணாம்பு மூன்று வேலைகளைச் செய்கிறது. மணியின் தடித்த தோலைக் கழற்றுகிறது. அரைத்த மாவு பிரிந்து உதிராமல் ஒன்றோடொன்று பிடிக்கச் செய்கிறது. மூன்றாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது: மணிக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தை, உடல் ஏற்கும் வண்ணம் விடுவிக்கிறது.

மக்காச்சோளம் கடல் கடந்து ஐரோப்பா சென்றது. சுண்ணாம்பு முறை உடன் செல்லவில்லை. மக்காச்சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழை உழவரிடையே தோல் வெடித்து, வயிறு கெட்டு, அறிவு மயங்கும் நோய் ஒன்று தோன்றிப் பரவியது. 1735இல் காஸ்பர் கசால் என்ற ஸ்பெயின் நாட்டு மருத்துவர் அதை விவரித்தார். இத்தாலியில் அதற்குப் பெல்லாக்ரா என்று பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களிலும் அது ஏழைகளைப் பெரிதும் வாட்டியது. அது தொற்றுநோயன்று, உணவுக் குறையால் வருவதே என்பதை ஜோசப் கோல்ட்பெர்கர் 1915ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். நியாசினே அதற்கு மருந்து என்பது 1937க்குப் பின்னர்த் தெளிவாயிற்று. தானியம் பயணம் செய்தது. முறை ஊரிலேயே தங்கிவிட்டது. அக்குறையின் விலையை எத்தனையோ குடும்பங்கள் உயிராலே செலுத்தின.

கோதுமை டோர்ட்டியா

ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் கோதுமையை மெக்ஸிகோவுக்குக் கொண்டுவந்தனர். நாட்டின் வடபகுதியில், சிறப்பாகச் சொனோரா மாநிலத்தில், அது நன்கு வேரூன்றியது. கோதுமை மாவு, கொழுப்பு, உப்பு, நீர் ஆகிய நான்கைக் கொண்டு செய்யும் மெல்லிய டோர்ட்டியா அப்பகுதியின் அடையாளமாயிற்று. பூரணம் வைத்து மடிப்பதற்கு இதுவே ஏற்றது. கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது அதன் புரதம் குளூட்டன் என்னும் நீளும் தன்மையுள்ள வலையாக மாறுகிறது. மக்காச்சோளத்தில் இவ்வலை உண்டாவதில்லை; ஆகவே அதன் அடை ஆறியபின் மடித்தால் விரிசல் காண்கிறது.

சொனோராவின் தலைநகராகிய எர்மோசியோவில் கொயோட்டா என்ற பண்டம் பெயர் பெற்றது. இரண்டு கோதுமை வட்டங்களுக்கு நடுவே வெல்லத்தை வைத்து ஓரத்தை ஒட்டிச் சுடுவர். நம் போளியை அறிந்தவர் அதை அயலாகக் கருதமாட்டார். கிறிஸ்துமஸ் காலத்தில் மெல்லிய கோதுமை வட்டங்களைப் பொரித்து, வெல்லப்பாகு ஊற்றி உண்பதும் மெக்ஸிகோவில் வழக்கம். அதற்குப் புன்யுவேலோ என்று பெயர். எல்லைக்கு வடக்கே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பகுதியில், கோதுமை டோர்ட்டியாவில் பழத்தைச் சுருட்டிப் பொரித்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவுகின்றனர். நாம் செய்யவிருப்பது இவ்வகையே.

சொனோரா என்ற பெயர் இந்திய உழவர்க்குப் புதியதன்று. 1966இல் நம் நாடு மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை இறக்குமதி செய்தது. அவ்வினங்களுள் ஒன்று சொனோரா 64. அதன் மணி செந்நிறமாக இருந்ததால் சப்பாத்திக்கு மக்கள் விரும்பவில்லை. அதனின்று பொன்னிற மணியுடைய சர்பதி சொனோராவை இந்திய ஆராய்ச்சியாளர் உருவாக்கினர். இங்கே விதையோடு, எவ்வளவு ஆழத்தில் விதைப்பது, எப்போது நீர் பாய்ச்சுவது, எவ்வளவு உரமிடுவது என்ற முறையும் உடன் வந்தது. மக்காச்சோளம் ஐரோப்பா சென்ற கதைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

கொடுத்ததும் கொண்டதும்

இப்பண்டத்தில் சேரும் பொருள்களும் இவ்வாறே கடல் கடந்தவை. கொய்யா, அன்னாசி, பப்பாளி ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்தவை. மாம்பழமும் கரும்பும் ஆசியாவிலிருந்து அங்கே சென்றவை. பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் சென்றுவந்தன. அதன் நினைவாக மெக்ஸிகோவில் ஒரு மாம்பழ வகைக்கு இன்றும் மணிலா என்றே பெயர். கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கூம்பு வடிவ அச்சில் வார்க்கும் பிலோன்சியோ என்பது நம் அச்சு வெல்லத்தின் உடன்பிறப்பு. மெக்ஸிகோ மக்கள் விரும்பும் மெல்லிய பட்டையோ இலங்கையில் விளையும் கறுவா. அதனை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் மெக்ஸிகோ முதன்மையானது. ஆகவே இதற்கு வேண்டிய பொருள் எதையும் நாம் தேடி அலைய வேண்டுவதில்லை.

தேவையான பொருள்கள்

கீழே காட்டிய அளவில் 8 டோர்ட்டியா கிடைக்கும்.

பூரணத்துக்கு: நன்கு பழுத்த கொய்யா 500 கிராம், தூளாக்கிய வெல்லம் 150 கிராம், விரல் நீளப் பட்டை 1, எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

டோர்ட்டியாவுக்கு: மைதா 125 கிராம், சலித்த கோதுமை மாவு 125 கிராம், நெய் அல்லது வெண்ணெய் 40 கிராம், உப்பு முக்கால் தேக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் சுமார் 140 மில்லி லிட்டர். சொனோராவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மரபு. நெய்யும் அதே பணியைச் செய்யும்.

மேலே தூவ: சர்க்கரை 4 மேசைக்கரண்டி, பட்டைத்தூள் 1 தேக்கரண்டி. பொரிப்பதற்கு எண்ணெய் தனி.

பழத்தைத் தெரிந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. நசுங்கியதும் கன்றியதும் ஆகும். பூஞ்சணம் பிடித்ததும் புளித்த வாடை வீசுவதும் ஆகா. மென்மையான பழத்தில் பூஞ்சணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் பரவியிருக்கும். ஆதலின் வெட்டி நீக்கினால் போதும் என்று எண்ணலாகாது. வௌவாலும் பறவையும் கடித்த பழத்தை அறவே ஒதுக்க வேண்டும். சிக்கனம் என்பது கெட்டதை உண்பதன்று. நல்லது கெடுமுன் உண்பதே.

பூரணம் கிண்டுதல்

இப்பண்டத்தின் வெற்றியும் தோல்வியும் நீரில் இருக்கிறது. கொய்யாவின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அந்நீர் பூரணத்தில் தங்கினால், டோர்ட்டியாவை ஊறவைத்துக் கிழிக்கும். எண்ணெயில் கசிந்து வெடித்துத் தெறிக்கும். ஆகவே பூரணம் செய்வது என்பது உண்மையில் நீரை அளவாக வெளியேற்றுவதே.

பழத்தைக் கழுவி நான்காக நறுக்கி, கால் தம்ளர் நீருடன் பட்டையைச் சேர்த்து மூடி, சிறு தீயில் வேகவிடவும். எவர்சில்வர் பாத்திரமோ மண்சட்டியோ ஏற்றது. ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் பழத்தின் புளிப்போடு சேர்ந்து நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். பழம் குழைந்தபின் பட்டையை எடுத்துவிட்டு, சல்லடையில் தேய்த்து விதையை நீக்கவும். சுமார் 400 கிராம் கூழ் கிடைக்கும்.

கூழை முதலில் தனியே கிண்டவும். ஓரளவு தடித்தபின்னரே வெல்லத்தையும் உப்பையும் சேர்க்கவும். தொடக்கத்திலேயே வெல்லம் சேர்த்தால், நீர் வற்றும் வரை அதுவும் தீயில் கிடந்து அடிப்பிடிக்கும். இறுதியில் எலுமிச்சைச் சாறு விடவும். கொய்யாவில் இயற்கையாக உள்ள பெக்டின் என்னும் பொருள், இனிப்பும் புளிப்பும் சேரும்போது உறைந்து கெட்டியாகிறது. கொய்யாவை நாம் முதலிற் கொண்டதற்கு அதுவே காரணம்.

பதம் அறிய: அகப்பையால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அக்கோடு உடனே மூடாமல் சற்று நிற்க வேண்டும். தராசு உள்ளவர் நிறுத்துப் பார்க்கலாம். கூழும் வெல்லமும் சேர்ந்து 550 கிராம் இருந்தது 350 கிராம் அளவுக்கு வந்தால், 200 கிராம் நீர் வெளியேறியது என்று கொள்க. பிறகு முற்றிலும் ஆறவிடவும். சூடான பூரணத்தின் ஆவி, மடித்த டோர்ட்டியாவுக்குள் மீண்டும் நீராகிவிடும்.

அன்னாசியைக் கொள்பவர் பொடியாக நறுக்கி இதே முறையில் நன்கு வேகவைக்க வேண்டும். பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தைச் சிதைக்கும் பொருள் உண்டு. அது மாவின் குளூட்டன் வலையைத் தளர்த்திவிடும். கொதிநிலையில் அது செயலிழக்கும். மாம்பழத்துக்கும் ஆப்பிளுக்கும் இனிப்பைப் பார்த்து வெல்லத்தைக் குறைக்கலாம் அல்லது கூட்டலாம்.

மாவு பிசைதலும் இடுதலும்

இருவகை மாவையும் உப்பையும் கலந்து, நெய்யை இட்டு விரல்நுனியால் பிசிறவும். கையில் பிடித்தால் பிடிக்கவும், விட்டால் உதிரவும் வேண்டும். நெய் மாவைப் பூசிக்கொள்வதால் குளூட்டன் வலை மிகவும் இறுகாமல் மென்மையாக அமைகிறது. பின் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பத்து நிமிடம் பிசைந்து, 8 உருண்டைகளாக்கி, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைக்கவும். இவ்வரைமணி நேரத்தை வீண் என்று கருதிக் குறைப்போர் பலர். பிசைந்தபோது முறுக்கேறிய வலை தளர்வது அப்போதுதான். ஓய்வு பெறாத மாவு, இட இடச் சுருங்கும். வலிந்து இட்டால் கிழியும்.

ஒவ்வோர் உருண்டையையும் 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லியதாக இடவும். நன்கு காய்ந்த கல்லில், எண்ணெய் இன்றி, ஒரு புறம் அரை நிமிடமும் மறுபுறம் அதற்குச் சற்றுக் குறைவாகவும் சுடவும். அங்கங்கே வெளிர் பழுப்புப் புள்ளிகள் தோன்றியதும் எடுத்துவிட வேண்டும். சப்பாத்தியைப் போல் முழுவதும் சுட்டால் மடிக்கும்போது முறியும். மீதி வேக்காடு எண்ணெயில் நிகழும்.

எடுத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பருத்தித் துணியில் பொதிந்து வைக்கவும். நம் நெசவாளர் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி இது. மெக்ஸிகோவில் டோர்ட்டியா வைப்பதற்கென்றே பருத்திச் சதுரத்துணிகள் உண்டு. அவற்றுள் பல, பெண்கள் இடுப்பில் பிணைத்துக்கொண்டு நெய்யும் இடுப்புத்தறியில் நெய்தவை. பருத்தி மிகுந்த ஆவியை உறிஞ்சிக்கொண்டு, வேண்டிய வெப்பத்தைக் காக்கிறது. ஆவி முழுவதும் வெளியேறினால் டோர்ட்டியா விறைக்கும். முழுவதும் தங்கினால் பிசுபிசுக்கும். மூடிய பாத்திரமும் பிளாஸ்டிக் உறையும் இவ்வேலையைச் செய்யா. நம் கைத்தறித் துண்டு ஒன்று இதற்கு முற்றிலும் போதும்.

மடித்தலும் பொரித்தலும்

டோர்ட்டியாவின் நடுவே, கீழ்ப்பாதியில், 2 மேசைக்கரண்டிப் பூரணத்தை நீளவாக்கில் வைக்கவும். இடவலப் பக்கங்களை உள்ளே மடித்து, கீழிருந்து இறுக்கமாகச் சுருட்டவும். கடைசி ஓரத்தில் மைதாவை நீரில் குழைத்துத் தடவி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழாக இருக்குமாறு பத்து நிமிடம் வைக்கவும். மடித்தபின் நெடுநேரம் வைக்கலாகாது. பூரணத்தின் ஈரம் மாவிற்கு ஏறும்.

எண்ணெய் காய்ந்ததா என்பதை ஒரு துளி மாவு இட்டு அறியலாம். அது அடியில் தங்கினால் சூடு போதாது. உடனே கருகினால் மிகுதி. குமிழியிட்டு மேலெழுந்து மெல்லச் சிவந்தால் சரி. ஒட்டிய பக்கத்தை முதலில் கீழாக இட்டு, இரண்டிரண்டாகப் பொன்னிறமாகும் வரை பொரிக்கவும். எண்ணெய் வடிந்து, சூடு தணியுமுன் சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்த தட்டில் புரட்டவும். ஆறியபின் சர்க்கரை ஒட்டாது.

எண்ணெயைக் குறைக்க விரும்புவோர், டோர்ட்டியாவின் ஒரு பாதியில் பூரணத்தைப் பரப்பி, மறுபாதியை அதன்மேல் மடித்து, கல்லில் சிறிது நெய் விட்டு இருபுறமும் முறுகச் சுடலாம். சுவை சற்று வேறுபடினும் குறைவென்று சொல்வதற்கில்லை.

குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் ஐந்து நிமிடம் பொறுக்கவும். மேல்பகுதி ஆறியபின்னும் உள்ளிருக்கும் வெல்லப்பூரணம் நாவைச் சுடும்.

குறைகளும் அவற்றின் காரணங்களும்

எண்ணெயில் வெடித்தால், பூரணத்தில் நீர் மிகுதி அல்லது ஒட்டிய ஓரம் திறந்திருக்கிறது. மடிக்கும்போது முறிந்தால், கல்லில் மிகுதியாகச் சுட்டது அல்லது துணியில் பொதியாமல் விட்டது. எண்ணெய் குடித்தால், எண்ணெயின் சூடு குறைவு. ஆறியதும் தோல்போல் இழுத்தால், நெய் குறைவு அல்லது மாவுக்கு ஓய்வில்லை. உற்று நோக்கின், இவற்றுள் பெரும்பாலானவை நீர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததாலோ, இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதாலோ நேர்பவை.

பூரணத்தை மட்டும் தனியே செய்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் வைக்கலாம். பழம் மிகுந்த நாளில் பூரணத்தைக் கிண்டிவைத்து, வேண்டும் நாளில் டோர்ட்டியா இடுவது வேலையையும் பங்கிட்டுத் தரும். விற்பனைக்குச் செய்ய எண்ணும் மகளிர் குழுவினர், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்கீழ் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

உறுப்பினர்களே, அயல்நாட்டுப் பண்டம் ஒன்றை அறிவது புதுமைக்காக மட்டுமன்று. ஒரு விதையை, ஒரு தறியை, ஒரு சாயத்தை நாம் ஏற்கும்போதும் இதே விதி பொருந்தும்: பொருளை வாங்குகிறவர் அதன் முறையையும் கேட்டு வாங்க வேண்டும்; முறையைக் கற்பவர் அதன் காரணத்தையும் கற்க வேண்டும்.

கூட்டத்தில் கலந்து ஆராய்வதற்கு

1. மக்காச்சோளத்தோடு சுண்ணாம்பு முறை ஐரோப்பா செல்லாததால் நேர்ந்த தீங்கு யாது? நம் பகுதியில் பொருள் வந்து முறை வாராத எடுத்துக்காட்டு உண்டா?

2. வெல்லத்தைக் கூழ் தடித்தபின் சேர்ப்பது ஏன்?

3. டோர்ட்டியாவைப் பொதியப் பருத்தித் துணி சிறந்ததாவது எவ்வாறு? அதற்கென ஒரு சதுரத்துணியை நம் தறியில் நெய்தால், நூலும் அளவும் எவ்வாறு அமைய வேண்டும்?

4. சென்ற பருவத்தில் உங்கள் தோட்டத்தில் விலை போகாத பழம் எவ்வளவு? அதில் பூரணத்துக்கு ஏற்றது எவ்வளவு? கணக்கிட்டு வந்து அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கவும்.